இரண்டெழுத்தும் ஒரு சிவப்புப் பொட்டும்

பாடாங் ஜாவா ஸ்டேஷனில் ரயில் நின்றது, கதவு திறந்தது, அந்த இளைஞன் இறங்கிப் போய்விட்டான். அப்பாவின் வாய் மட்டும் இன்னும் 'ச'விலேயே நின்றுகொண்டிருந்தது.

ஷா ஆலத்தில் ஏறியவன் அவன். தோளில் பூட்ஸ் பை, காதில் ஒற்றைக் கடுக்கன். அப்பாவைப் பார்த்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "அங்கிள்! என்னை ஞாபகம் இருக்கா?" என்றான். ஞாபகம் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்த கணமே அப்பாவின் கண் அவனைப் பிடித்துக்கொண்டது. இடது கை எழுந்தது. "ச..." என்றார். "ச... ச..."

நான் சும்மா இருந்தேனா? 'ச'வில் தொடங்கும் பெயர்கள் மூன்றை மளமளவென்று எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அப்பா, இல்லை என்று, கண்ணை இறுக மூடித் திறந்தார். அவன் சிரித்த முகம் மாறாமல் காத்திருந்தான். ஆனால் ஷா ஆலத்துக்கும் பாடாங் ஜாவாவுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்தான் இருந்துவிடப் போகிறது? "பரவால்ல அங்கிள். உடம்பைப் பாத்துக்கோங்க லா" என்று அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினான்.

என் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. கோலாலம்பூரில், கேஎல் சென்ட்ரலில், ஏறியதிலிருந்து ஆபீஸ் வேலை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரையைப் பார்த்தேன். நான் வேலை செய்யும் டெக்ஸ்ட் எடிட்டரில் மெனு கிடையாது, மௌஸ் தேவையில்லை. எதைச் செய்யவும் கட்டளையைத் தட்ட வேண்டும். ஆனால் முழுதாகத் தட்ட வேண்டியதில்லை. இரண்டு எழுத்து தட்டி டேப் சாவியை அழுத்தினால், அப்படித் தொடங்கும் கட்டளைகளை எல்லாம் அது வரிசையாகக் காட்டும், நாம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். கை தன்பாட்டுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. இரண்டு எழுத்து, டேப், வரிசை.

அப்புறம் ஒரு சொல்லைத் தேட வேண்டியிருந்தது. இந்த எடிட்டரில் தேடுவதற்கு முதலில் ஒரு சாய்கோடு தட்ட வேண்டும், பிறகு தேட வேண்டிய சொல். சாய்கோடு தட்டினேன், இரண்டு எழுத்து தட்டினேன், டேப் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. கட்டளைக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. தேடும் சொல்லை நாமேதான் கடைசி எழுத்து வரை தட்ட வேண்டும்.

பக்கத்தில் அப்பா. "ச..."

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. புக்கிட் பாடாக் தாண்டி, ரயில் வளைந்து, கிள்ளான் ஆறு தெரியும்வரை நான் மூச்சுவிட்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

கிள்ளான் ஸ்டேஷன் படியில், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது, பாதிப் படியில் அப்பா நின்றார். அவன் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், அவன் அப்பா பெயரோடு. எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு ஸ்டேஷனுக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. யார் பெயரையும் எழுதமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பட்டப்பெயருக்கு மட்டும் அனுமதி உண்டு. அவன் பட்டப்பெயர் சார்டின்.

*

என் அப்பா துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அது திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாடாங்கில், விளையாட்டுத் திடலில், ஆண்டுதோறும் நடக்கும் ஏழு பேர் கால்பந்துக் கார்னிவலின் பதிவாளர், மைக் பிடிப்பவர், இரண்டும் அவர்தான். யார் எந்த அணி, யார் போன வருஷம் எந்த அணி, யார் யாருடைய மச்சான் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

பதிவு நாளில் ஒரு பழக்கம் உண்டு. பதிய வருகிறவன் ஐசியை நீட்டமாட்டான். அடையாள அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பாவின் மேசைக்கு முன்னால் நிற்பான். அப்பா முகத்தைப் பார்த்து பட்டப்பெயர், முழுப்பெயர், அப்பன் பெயர் மூன்றையும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் மேசையில் இரண்டு தட்டு தட்டுவான். அப்புறம்தான் ஐசி வெளியே வரும், சரிபார்க்க. புதிதாக வருகிறவனுக்கு அந்த வருஷம் தட்டு கிடையாது. அடுத்த வருஷம் வந்து தட்டுவதற்காகவே வந்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய அணிகளில் ஆடப் போனவர்கள்கூட அன்றைக்கு வந்து நின்று, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள்.

பட்டியலை நோட்டுப் புத்தகங்களில் வைத்திருந்தார். நான் காலேஜில் இருந்தபோது, புதிதாக மதம் மாறியவள் மாதிரி இந்த எடிட்டரைப் பார்ப்பவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். மாட்டியது அப்பா. நோட்டுகளை எல்லாம் ஒரே கோப்பாக அடித்து, ஐசியில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் ஓர் ஆளுக்கு ஒரு வரி வைத்து, அப்பாவின் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். "சாய்கோடு தட்டுங்கப்பா, பேரைத் தட்டுங்கப்பா, என்டர். அவ்வளவுதான்!" அம்மா சொன்னாள்: "மனுசனுக்கு வாட்ஸ்அப்பே ஒழுங்கா வராது, இது வேறயா?" ஆனால் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மௌஸ் பிடிக்க வேண்டியதில்லை, லோரி கியர் போடுவது மாதிரி கையிலேயே இருக்கிறது என்றார். ஒரு விரலால் தட்டித் தட்டி ஆயிரத்துச் சொச்சம் வரியையும் தன் வசம் ஆக்கிக்கொண்டார்.

போன வருஷக் கடைசியில் பக்கவாதம் வந்தது. நடையும் வலது கையும் பேச்சும் போயின. நடை திரும்பி வந்தது, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சோறு, தண்ணி, போதும், மழை எல்லாம் வந்துவிட்டன. பெயர்கள் மட்டும் வாசலிலேயே நின்றன. முதல் எழுத்து எட்டிப் பார்க்கும், உள்ளே வராது.

கேஎல்லில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலாய்க்கார அக்கா என்னிடம் சொன்னார்: பெயர் எதுவும் தொலையவில்லை, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, எடுக்கிற வழியில்தான் அடைப்பு. நான் உடனே நாலு கேள்வி கேட்டேன், அவர் பதில் சொல்லும் முன்னே ஐந்தாவதையும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "துங்கு, அடிக். துங்கு" என்றார். பொறு, தங்கச்சி, பொறு. "அப்பாவுக்கும் அதுதான் மருந்து. நீ முடித்துவைக்காதே."

கேட்டுக்கொண்டேன். ரயிலில் மூன்று பெயர் நீட்டியது அதே நாள்தான்.

*

கார்னிவலுக்கு ஏழு வாரம் இருக்கும்போது கமிட்டி செகரட்டரி அங்கிள் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சு, ஆப்பிள், ஒரு பெரிய டின் மைலோ. அப்பாவோடு இருபது வருஷமாக அந்தப் பாடாங்கில் நின்றவர், கெட்ட மனிதர் இல்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து தரையைப் பார்த்தே பேசினார்.

"அண்ணே, இந்த வருசம் நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. என் அண்ணன் பையன் இருக்கான்ல, அவன் பாத்துக்குவான். போன்லயே ஐசியை ஸ்கேன் பண்ணிடுறான், டப் டப்புனு முடிஞ்சிரும். அந்த லிஸ்டை மட்டும் ஒரு காப்பி குடுத்தீங்கன்னா..."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் எல்லோரும் காத்திருந்தோம்.

"நான்" என்றார் அப்பா.

"இல்லண்ணே, நீங்க..."

"நான். மேசை. நான்."

செகரட்டரி அங்கிள் அம்மாவைப் பார்த்தார். அம்மா மைலோ டின்னைப் பார்த்தாள். கடைசியில் அவரே, "சரிண்ணே. பதிவு அன்னைக்கு உக்காருங்க. பாப்போம். முடியலன்னா என் அண்ணன் பையன் கையில குடுத்துருவோம், ஓகேவா?" என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம் மெல்ல, "நூத்தம்பது பேரு நிப்பானுங்கம்மா. அண்ணன் அங்க எல்லார் முன்னாடியும் திணறி நின்னா, நமக்குத்தான தாங்காது" என்றார்.

பதிவு நாள் கார்னிவலுக்கு இரண்டு வாரம் முன்னால். ஆக, எங்களுக்கு ஐந்து வாரம் இருந்தது. பதிவு நாளில் அப்பா அந்த மேசையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். காப்பாற்ற முடியாவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

*

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தங்கியிருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் மோனோரயில் போகும். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு வாரம், ஆபீஸ் விட்டு வந்ததும் அதே வேலை. தேடும் சொல்லையும் எடிட்டர் நிரப்பித் தர வேண்டும். சாய்கோடு தட்டி இரண்டு எழுத்து தட்டினால், கோப்பில் அப்படித் தொடங்கும் பெயர்கள் கீழே வரிசையாக வர வேண்டும். அப்பாவால் பெயரைத் தேடி எடுக்க முடியாது. ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும். எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டால் வாயும் சொல்லிவிடும். அதை வீட்டில் செய்தித்தாளை வைத்துச் சோதித்துவிட்டேன். வேண்டியதெல்லாம் முதல் இரண்டெழுத்து, அது அவரிடம் இருந்தது.

முதல் வடிவத்தைச் சனிக்கிழமை கிள்ளானுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். மகா கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தேன்: டேப்கூட வேண்டாம், ஓர் எழுத்து தட்டியதுமே பட்டியல் தானாகக் குதிக்கும், முதல் பெயரைத் தானே நிரப்பியும் வைக்கும். அப்பா ஓர் எழுத்து தட்டினார். திரை துள்ளியது. பெயர் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் அதை அழிக்கப் போனார், இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இடது கையால் லேப்டாப்பின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"பே... பேசாத" என்றார்.

"நான் ஒண்ணும் பேசலையேப்பா!"

அடுப்படியிலிருந்து அம்மா: "உன்னைச் சொல்லல. அதைச் சொல்றாரு. அதுவும் உன்னை மாதிரியே இருக்கு போல."

நான் வெட்கப்பட்டேனா, கோபப்பட்டேனா, தெரியவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போது கவனித்தேன். அப்பா "மோ..." என்றால் நான் மோர்ச் சட்டியை நகர்த்திவிடுகிறேன். "நே..." என்றால் "நேத்தாப்பா? நேத்து என்ன?" அம்மா அப்படிச் செய்வதே இல்லை. கரண்டியைப் பிடித்தபடி, ரசம் கரண்டியிலேயே ஆறிப் போனாலும் சரி, அவர் வாயிலிருந்து சொல் முழுசாக வரும்வரை நிற்கிறாள். யாரும் அவளிடம் துங்கு என்று சொல்லவில்லை.

அடுத்த வடிவத்தில் எடிட்டரை ஊமையாக்கினேன். அப்பா எவ்வளவு நேரம் யோசித்தாலும் அது ஒன்றும் செய்யாது. அவராக டேப் அழுத்தினால் மட்டும் பட்டியல் வரும். மறுபடி அழுத்தினால் அடுத்த பெயருக்கு நகரும். டேப் சாவி இடது பக்கம் இருப்பது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, எங்கள் அதிர்ஷ்டம். அந்தச் சாவி எது என்று அப்பா இரண்டு தடவை தடுமாறியதும், அம்மா நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து வந்து அதன்மேல் ஒட்டிவிட்டாள்.

அப்பா சாய்கோடு தட்டினார். 'எம்' தட்டினார். யோசித்தார். நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். 'யூ' தட்டினார். சிவப்புப் பொட்டை அழுத்தினார்.

'மு'வில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் கீழே வந்து நின்றன. அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றில் நின்றார். வாய்விட்டுப் படித்தார். பிறகு திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து அதே பெயரை மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். அது துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்து, வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகும் சிநேகிதருடைய மகன் பெயர். மூன்று மாதமாக அந்தச் சிநேகிதரிடம், "ம... மகன்... எப்படி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "இன்னொண்ணு போடுங்க" என்றாள்.

*

இங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற ஜாதி இல்லை நான்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பட்டியலில் ஒரே பெயர்க்காரர்கள் பலர். சார்டின் பெயரிலேயே ஆறு பேர். முதல் பெயரை மட்டும் நிரப்பித் தேடினால் ஆறில் எவன் முதலில் மாட்டுகிறானோ அவன் வரியில் போய் நிற்கும், அப்பா ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக வேண்டும். பதிவு நாளுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு வேளையில், கடையில் வாழையிலைக்கு முன்னாலேயே லேப்டாப்பை வைத்து ஒரு மாற்றம் செய்தேன். முதல் பெயரோடு நிறுத்தாமல், ஐசியில் உள்ள முழுப் பெயரையும் நிரப்பட்டும். ஒரு பெயரைப் போட்டுச் சோதித்தேன், சரியான வரிக்குப் போனது. "பாஸ், ஒரு தே தாரிக்!" என்று டீ சொல்லிக் கொண்டாடினேன்.

சனிக்கிழமை காலை. பாடாங் ஓரத்தில் இருக்கும் பொது மண்டபத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் பாலாய் ராயாவில், மேசை போட்டாயிற்று. அப்பா சலவைச் சட்டையில். நான் அவருக்குப் பின்னால். செகரட்டரி அங்கிள் முத்திரையோடு பக்கத்தில். அவருடைய அண்ணன் மகன் சற்றுத் தள்ளிப் போனை வைத்துக்கொண்டு, பாவம், யாரையும் பார்க்காமல் நின்றான். வரிசை வெளியே வெயில்வரை போனது.

முதலில் வந்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அப்பா அவனைப் பார்த்தார். சாய்கோடு, இரண்டெழுத்து, சிவப்புப் பொட்டு. பெயர்மேல் நின்றார், என்டர். வரி வந்தது. "டயர்" என்றார். முழுப்பெயர் சொன்னார், அப்பன் பெயர் சொன்னார். மேசையில் இரண்டு தட்டு விழுந்தது. வரிசை முழுக்க ஓர் ஓசை எழுந்து அடங்கியது. செகரட்டரி அங்கிள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முத்திரை குத்தினார்.

பத்துப் பேர் அப்படிப் போனார்கள். பிறகு சார்டின் வந்தான். ரயிலில் பார்த்த அதே கடுக்கன். ரயிலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அப்பாவின் முகத்தில் வெளிச்சம். சாய்கோடு, இரண்டெழுத்து, பொட்டு. ஆறு பெயரில் சரியான பெயரில் நின்றார். நானே பார்த்தேன், அதுதான் சரியான பெயர். என்டர் தட்டினார். வந்த வரியைப் படித்தார்: "மூக்கு." அடுத்து இன்னொருவனுடைய அப்பன் பெயர்.

வரிசையில் சிரிப்பு. "அங்கிள், மூக்கு சிங்கப்பூர் போய் மூணு வருசமாச்சு!" "டேய் சார்டின், உனக்கு மூக்கு எப்ப மொளச்சிச்சு?" சார்டின் திரும்பி, "டேய், டியாம் லா!" என்று அவர்களை அடக்கினான். அப்பா மறுபடி செய்தார். மறுபடி மூக்கு. செகரட்டரி அங்கிள் மிக மெதுவாக, மிக அன்பாக, "பரவால்லண்ணே" என்றார்.

அந்தச் சொல்தான் அப்பாவை அடித்தது. அவர் இடது கையால் லேப்டாப்பை மூடினார். மூடி, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார். தன் தலைதான் தவறிவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டது அவர் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"அப்பா, தப்பு உங்களோடது இல்ல" என்றேன். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "என்னோடது. அங்கிள், தப்பு என்னோடது. அப்பா சரியாத்தான் தேடினாரு. நான் நேத்து ஒண்ணை மாத்தினேன். பத்து நிமிசம் குடுங்க." எங்கே தப்பு என்று அந்த நொடியில் எனக்கே தெரியாது. அது அப்பாவுடையது இல்லை என்பது மட்டும் தெரியும்.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவன் பெயரை முழுதாக நிரப்பி, திரையைப் பார்த்தேன். பெயர், பிறகு a/l, பிறகு அப்பன் பெயர்.

இங்கே எங்கள் எல்லோர் ஐசியிலும் இருப்பதுதான். ஆணாக இருந்தால் a/l, அனாக் லெலாக்கி, மகன். பெண்ணாக இருந்தால் a/p, அனாக் பெரெம்புவான், மகள். நடுவில் ஒரு சாய்கோடு. அந்த எடிட்டருக்கோ தேடலைத் தொடங்கும் அடையாளமும் சாய்கோடுதான், முடிக்கும் அடையாளமும் அதுதான். பெயரின் நடுவில் சாய்கோட்டைக் கண்டதும், தேட வேண்டியது அவ்வளவுதான் என்று அது அங்கேயே நின்றுவிட்டது. அப்பன் பெயரைப் பார்க்கவே இல்லை. அதனால் ஆறு பேரில் முதலில் கிடைத்தவனிடம் போனது. காலையில் வந்த பத்துப் பேருக்கும், கடையில் நான் சோதித்துப் பார்த்ததற்கும், பட்டியலில் அதே பெயரில் வேறு ஆள் இல்லாததால் குட்டு வெளிப்படவில்லை.

பெயரில் சாய்கோடு இல்லாத யாராவது எழுதியிருந்தால் மன்னிக்கலாம். பிறந்ததிலிருந்து என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் அந்தக் கோடு நிற்கிறது. பள்ளிக்கூடத்தில், பேங்கில், ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்தபோது போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழும் அதை எழுதியிருக்கிறேன். எனக்கே மறந்துவிட்டது.

நான் தரையில் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். சார்டின் வரிசையைவிட்டு விலகவில்லை. மேசைக்கு முன்னால் குத்துக்காலிட்டு, அப்பாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தான். ஐசியை எடுக்கவில்லை. "அவசரமில்ல அங்கிள்" என்றான்.

அப்பா அவனைப் பார்த்தார். "ச..." என்றார். நின்றது. உதட்டை மூடினார். பிறகு, பெயரை விட்டுவிட்டு, வேறொன்றைச் சொன்னார்.

"இடது. இடது கால்."

"ஆமா அங்கிள்" என்றான் சார்டின். "இடது கால்தான்."

"மழை. பெ... பெனால்டி. மேல... அடிச்ச."

வரிசையில் பெருஞ்சிரிப்பு. "அங்கிளுக்கு அதெல்லாம் மறக்காது டா!" சார்டினும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அலாமாக், அதை மட்டும் மறந்திருக்கக் கூடாதா அங்கிள்?"

நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. பெயரை நிரப்பும்போது அதில் சாய்கோடு இருந்தால், அதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொரு கோட்டைச் சேர்த்துவிட வேண்டும். அப்போது எடிட்டர், இது முடிவு இல்லை, பெயர் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பை மேசையில் வைத்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்... தப்பா?" என்றார். "என் தப்புதான்ப்பா" என்றேன். அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

சாய்கோடு, இரண்டெழுத்து, பொட்டு, என்டர். "சார்டின்" என்றார் அப்பா. முழுப்பெயர் சொன்னார். அப்பன் பெயரையும் சொன்னார், திரையைப் பார்க்காமல்.

இரண்டு தட்டு போதும். அவன் நாலு தட்டு தட்டினான்.

*

மத்தியானம் பன்னிரண்டுக்கு முடிய வேண்டிய பதிவு நாலு மணிக்கு முடிந்தது. யாரும் போகவில்லை. நடுவில் யாரோ எல்லோருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்தார்கள். ஏழெட்டுப் பேரிடம் பொட்டும் உதவவில்லை. இரண்டாம் எழுத்து வராமல் அப்பா கையை விரித்தார், அவர்களே ஐசியை எடுத்து நீட்டினார்கள். தட்டாமல் போகவில்லை, தட்டிவிட்டுத்தான் போனார்கள்.

கடைசி முத்திரையைக் குத்திவிட்டுச் செகரட்டரி அங்கிள் சொன்னார்: "மேசை அண்ணனோடதுதான். யாரும் தொட முடியாது. மைக்கு மட்டும் இந்த வருசம் என் அண்ணன் பையன் பிடிக்கட்டும், ஆட்டம் வேகமாப் போவும்லண்ணே." அப்பா யோசித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் பாதி மனசுதான் இருந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று மாலை வீட்டில், நான் கேட்காமலே, அப்பா லேப்டாப்பைத் திறந்து பட்டியலின் கடைசிக்குப் போனார். ஒரு விரலால் வெகுநேரம் தட்டினார். எட்டிப் பார்த்தேன். என் பெயர், a/p, அவர் பெயர். பட்டப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில்: துங்கு. அணி: மேசை.

"நல்லாயிருக்கு" என்றாள் அம்மா. "பொருத்தம்."

கார்னிவலுக்கு இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு, பாடாங்கில் யாரும் வரும் முன்னால், பக்கத்து வீட்டு ஆன்டியின் கரோக்கே ஸ்பீக்கரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஒத்திகைக்குப் போகப் போகிறோம். அணியின் பெயரைத் தேடினால் அதன் ஏழு பேரும் பெரிய எழுத்தில் திரையில் வருகிற மாதிரி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கோல் விழுந்ததும் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். ஆட்டத்தின் வேகத்துக்கு அது வருமா என்று தெரியாது. பந்தை அம்மா உதைப்பாள். நான் நடுக்கோட்டில் நிற்க வேண்டும், அப்பா பெயரைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஒரு வாரத்துக்குப் பாத்திரம் கழுவுவது என் தலையில்.